குளோன்ஃபர்ட் வாசலும் பானஹர் வாத்தியாரும்: ஷானன் கரையில் ஒரு நாள் சுற்றுலா

முதலில் விவரம். இரண்டு பேருக்கு 130 யூரோ. காலை ஒன்பதரைக்கு வழிகாட்டி வீட்டு வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். அவருடைய கார், அவரே ஓட்டுகிறார். மத்தியானச் சாப்பாடும் குளோன்மக்னாய்ஸ் நுழைவுச்சீட்டும் நம் செலவு. அயர்லாந்தில் ஷானன் ஆற்றோரம் இருக்கும் குளோன்ஃபர்ட் கதீட்ரல், பானஹர் ஊர், குளோன்மக்னாய்ஸ் மடத்து இடிபாடு மூன்றும் ஒரே நாளில். ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் கூட்டிப்போக மாட்டார். வழிகாட்டி ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், எழுபதைத் தாண்டியவர். பெயரையும் நம்பரையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வேண்டுமென்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவரிடம் கேட்டுத் தருகிறேன்.

நான் பாலினஸ்லோவில் நர்ஸாக ஆறு வருடமாக இருக்கிறேன். அம்மா ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறாள். அம்மா பிறந்தது இடையன்குடி. கால்டுவெல் ஐயர் 33 வருடம் பாடுபட்டுக் கட்டிய வேதக்கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். பிள்ளைப் பருவத்தில் அந்தக் கோயில் மணிக்கு எழுந்து, அதே மணிக்குப் படுத்த ஆள். அவளுக்கு அயர்லாந்து என்றால் கால்டுவெல் பிறந்த நாடு, அவ்வளவுதான். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்றாலும் 1814இல் அவர் பிறந்தது ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில். அது வடக்கே, வட அயர்லாந்தில். நான் இருக்கும் இடம் நாட்டின் நடுவில். "அவரு ஊரு தூரம்னா பக்கத்துல நம்ம மாதிரி கோயிலு ஒண்ணுகூடவா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்கு முன்னால் டப்ளினிலிருந்து கிளம்பும் ஒரு பேருந்துச் சுற்றுலாவில் அவளைக் கூட்டிப்போயிருந்தேன். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ஒரு மடத்து இடிபாட்டில் நாற்பது நிமிடம் நிறுத்தினார்கள். ஒலிபெருக்கியில் வருடக் கணக்கு வாசித்தார்கள், படம் எடுக்கச் சொன்னார்கள், ஏற்றிவிட்டார்கள். அம்மா வண்டியில் வந்து உட்கார்ந்து, "கல்லுதாம்ளா இருக்கு. ஆளுவ எங்க?" என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றுதான் விசாரித்து இந்த வாத்தியாரைப் பிடித்தேன்.

பாலினஸ்லோவிலிருந்து குளோன்ஃபர்ட்டுக்கு அரை மணி நேரம். கடைசிக் கொஞ்ச தூரம் கரிநிலச் சதுப்பு. வெட்டி எடுத்த தர்ஃப் என்ற கரிமண் துண்டுகளைச் சிறு குவியலாக நிறுத்தி உலர்த்தியிருந்தார்கள். அடுப்புக்கு நம் ஊரில் வறட்டி காய்வதைப்போல. வாத்தியார் வண்டியை ஓரம்கட்டி, இந்தச் சதுப்புக்கு நடுவில் கொஞ்சம் மேடான பசும்புல் தரை இருப்பதைக் காட்டினார். அந்த மேடுதான் குளோன்ஃபர்ட். ஐரிஷ் மொழியில் 'குளுவன்' என்றால் புல்வெளி, 'ஃபர்ட்' என்றால் கல்லறை மேடு. பெயரிலேயே கல்லறையைச் சுமக்கும் ஊர். கெர்ரியில் பிறந்து கடலோடியாகப் பெயர் வாங்கிய பிரண்டன் என்ற துறவி ஆறாம் நூற்றாண்டில் இங்கே மடம் அமைத்தார். இங்கேதான் அடக்கம் பண்ணப்பட்டார் என்பது வழிவழி நம்பிக்கை. அவர் தோல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்ததாகச் சொல்லும் பழங்கதையைச் சோதிக்க, 1976-77இல் டிம் செவரின் என்பவர் அதே மாதிரி மாட்டுத்தோல் படகு கட்டி வட அமெரிக்கக் கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தார். சாலையில் எதிரே ஒரு டிராக்டர் வந்தது. அதைத் தவிர அரை மணி நேரத்துக்கு யாரையும் பார்க்கவில்லை.

இப்போது வாசலைப் பற்றி. இந்தச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் காசு இந்த ஒரு வாசலுக்கே சரியாகப் போய்விடும்.

கோயில் சின்னது. கதீட்ரல் என்று சொல்லி மனதில் பெரிதாக நினைத்துப் போனால், நம் கிராமத்துச் சேகரக் கோயில் அளவுதான் இருக்கும். மேற்கு முகப்பில் மட்டும் ஒரு வாசல், ஏறக்குறைய 1180ஐ ஒட்டிய காலத்தது. அரைவட்ட வளைவுகள் கொண்ட ரோமனெஸ்க் பாணி. வளைவுக்குள் வளைவாக ஆறு அடுக்கு, ஒவ்வொரு அடுக்கிலும் வேறு வேறு செதுக்கல்: இலை, முடிச்சு, வட்டப் பூ, வாயால் உருளையைக் கவ்விக்கொண்டிருக்கும் மிருகத் தலைகள். வளைவுக்கு மேலே கூரை முகடு மாதிரி ஒரு முக்கோணம். அதற்குள் கீழே சிறு வளைவுகளின் வரிசை, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு மனிதத் தலை. அதற்கு மேல் முக்கோணங்களும் தலைகளுமாக மாறி மாறி, உச்சி வரைக்கும். ஒரு தலைக்குத் தாடி இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. ஒரே மாதிரி இரண்டு முகத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னார் வாத்தியார். நானும் அம்மாவும் தேடித் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

அவர் வாசலை விளக்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். எடுத்தவுடனே வருடம் சொல்லவில்லை. அம்மாவைப் பத்தடி பின்னால் நிற்கவைத்து, "நிலை நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்து, மேலே போகப்போக உள்ளே சாய்கிறது என்றாள். அது சரி. ரோமிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த பாணியில் நிலைக்கால் செங்குத்தாக நிற்கும். ஆனால் அயர்லாந்துக் கொத்தர்களின் பழைய கோயில் வாசல்களெல்லாம் மேலே குறுகிச் சாய்ந்தவை. வெளியிலிருந்து வந்த வேலைப்பாட்டை வாங்கிக்கொண்டார்கள், தங்கள் சாய்வை விடவில்லை. இதை அவர் சொன்ன பிறகுதான் மொத்த வாசலும் எனக்குக் கண்ணில் பட ஆரம்பித்தது. கடைசி உள்வளைவு மட்டும் நிறம் மாறியிருக்கும். அது 15ஆம் நூற்றாண்டில் பிறகு சேர்த்த சுண்ணாம்புக்கல், மற்றதெல்லாம் மணற்கல். மணற்கல் மழையைக் குடிக்கும், பனியில் உறைந்து செதிலாக உதிரும். சில முகங்களில் மூக்கு இல்லை, சிலவற்றில் முகமே கரைந்திருக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் உலகச் சின்னங்களின் கண்காணிப்புப் பட்டியலில் 2000ஆம் ஆண்டு இந்தக் கோயிலும் சேர்க்கப்பட்டிருந்தது. அதனால் தயவுசெய்து தொடாதீர்கள். அம்மா கையை நீட்டியபோது வாத்தியார் தன் கையைக் குறுக்கே வைத்து மறித்தார், மரியாதையாகத்தான். அவள் அதற்கப்புறம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

சாவியை அவர் முன்னாலேயே கேட்டு வாங்கி வைத்திருந்தார். இது முக்கியம். இந்தப் பக்கத்துக் கிராமக் கோயில்களுக்கு நாமாகப் போனால் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும், திரும்பி வர வேண்டியதுதான்.

உள்ளே போனதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. பெஞ்சு வரிசை, பாட்டு நம்பர் போடும் மரப்பலகை, பிரசங்க பீடம், வேதம் வாசிக்கும் மேஜை, முழங்கால்படியிட வைத்த மெத்தை, கிழக்கே பீடம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தாள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழக்கு ஜன்னல் 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து வேலை. ஒடுக்கமான இரட்டைத் திறப்பு, கல் இழைத்த சுத்தத்தைப் பார்த்தால் மரவேலையோ என்று தோன்றும். பீடத்துக்கு முன்னால் இருக்கும் 15ஆம் நூற்றாண்டு வளைவில் தேவதூதர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சீப்பும் கண்ணாடியும் பிடித்துக்கொண்டு ஒரு கடற்கன்னியும் இருக்கிறாள். கோயிலுக்குள் கடற்கன்னி எதற்கு என்று அம்மா கேட்டாள். பெருமைக்கும் மயக்கத்துக்கும் எதிரான எச்சரிக்கை என்று சிலர் சொல்கிறார்கள், கடலோடிப் பிரண்டனின் கோயில் என்பதால் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள் என்றார் வாத்தியார். எது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்தது.

பெஞ்சில் கிடந்த ஜெபப் புத்தகத்தை எடுத்து அம்மா என்னிடம் நீட்டி, காலை ஆராதனையை எடுக்கச் சொன்னாள். நான் ஆங்கிலத்தில் பாவ அறிக்கையை வாசிக்க வாசிக்க, அவள் வரிக்கு வரி தமிழில் சொன்னாள். வழிதப்பிப் போன ஆடுகளைப்போல என்று வரும் இடத்தில் வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது என்று நான் சொன்னேன். ஐரிஷ் மொழியில் புதிய ஏற்பாடு 1602இலேயே வந்துவிட்டது, பழைய ஏற்பாடு 1685இல் என்றார். கில்மோர் அத்தியட்சர் (பிஷப்) வில்லியம் பெடல் ஐரிஷ் கற்றுக்கொண்டு முன்னின்று செய்வித்த வேலை அது. அச்சைப் பார்க்காமலே 1642இல் இறந்துபோனார். அப்புறம் ஏன் இந்த நாட்டு ஜனங்கள் இந்தப் புராட்டஸ்டண்ட் சபையில் சேரவில்லை என்று அம்மா கேட்டாள். "வேதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களுக்குப் பின்னாலேயே நிலத்தைப் பிடுங்குகிறவர்களும் வந்தார்கள்" என்று பதில் சொன்னார்.

இந்தப் பதிலிலிருந்துதான் அன்றைய பேச்சின் முதுகெலும்பு தொடங்கியது. அரசாங்கத்துச் சபை என்பதால் இந்தப் பழைய கோயில்களெல்லாம் ஆங்கிலிக்கன் வழிச் சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தின் கைக்குப் போயின. கத்தோலிக்கர்கள் மறைவிடங்களில், வயல்வெளிப் பாறைகளில் பூசை வைத்தார்கள். 1861 கணக்கெடுப்பில் இந்தச் சபையைச் சேர்ந்தவர்கள் மொத்த ஜனங்களில் எட்டில் ஒரு பங்கு. 1838 வரைக்கும், மற்ற ஏழு பங்குக்காரர்களும் தங்கள் வயலில் விளைந்ததிலிருந்து இந்தச் சபைக்குத் தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. நமக்குத் தசமபாகம் என்றால் ஸ்தோத்திரக் காணிக்கை, மனமுவந்து கொடுப்பது. இங்கே அது வரி. கொடுக்காவிட்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1831இல் ஜனங்கள் கட்ட மாட்டோம் என்று நின்றார்கள். 1834 டிசம்பரில் கார்க் மாவட்டத்து ராத்கார்மக் அருகே ஒரு விதவையிடம் வசூலிக்கப் போன இடத்தில் ராணுவம் சுட்டுப் பலர் செத்தார்கள். இதற்கிடையே 1833 சட்டம் 22 அத்தியட்சர்களை 12 ஆகக் குறைத்தது. அதில்தான் குளோன்ஃபர்ட் தன் அத்தியட்சரை இழந்து கில்லலோ திருமண்டலத்தோடு (அத்தியட்சரின் ஆளுகைப் பகுதி) ஒட்டிக்கொண்டது. இப்போது டூவம், லிமெரிக், கில்லலோ எல்லாம் சேர்ந்து ஒரே திருமண்டலம். 1869 சட்டப்படி 1871 ஜனவரி 1 முதல் அரசாங்கத்துச் சபை என்ற அந்தஸ்தும் போயிற்று.

இவ்வளவையும் அவர் அந்தக் கோயிலுக்குள்ளேயே, பெஞ்சில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். அவர் கத்தோலிக்கர். இன்றைக்கு இந்தக் குடியரசில் சர்ச் ஆஃப் அயர்லாந்துக்காரர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்தச் சிலர்தான் எண்ணூறு வருடத்துச் சுவரையும் கூரையையும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். "சுமை அவர்களுடையது, வாசல் எங்கள் எல்லாருடையதும்" என்றார். பணிவான பேச்சு, ஆனால் அடி ஆழத்திலிருந்து வந்தது.

வெளியே வரும்போது கேட்டருகே நின்று தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுப் புராட்டஸ்டண்ட் அம்மாள் இறந்தபோது, நாற்பது வருடம் பால் கொடுத்து வாங்கிப் பழகிய பாட்டி, இப்படியொரு கோயில் கேட்டுக்கு வெளியே மழையில் நின்றாளாம். உள்ளே போனால் பாவம் என்று அவர்களுடைய கத்தோலிக்கச் சபை அப்போது சொல்லி வைத்திருந்தது. அவருக்கு அப்போது ஆறு வயது, பாட்டியின் கையைப் பிடித்திருந்தார். இது ஒரு வீட்டுக் கதை மட்டுமில்லை. இந்த நாட்டின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், பக்கத்து ரோஸ்காமன் மாவட்டத்து ஃப்ரெஞ்ச்பார்க்கில் சர்ச் ஆஃப் அயர்லாந்துக் குருவானவரின் மகனாக வளர்ந்தவர். ஊர் வேட்டைக் காவலரிடமும் கூலிக்காரர்களிடமும் ஐரிஷ் கற்றுக்கொண்டு, செத்துக்கொண்டிருந்த அந்த மொழிக்காக 1893இல் இயக்கம் தொடங்கியவர். 1949இல் அவருடைய அடக்க ஆராதனை டப்ளின் செயின்ட் பேட்ரிக் கதீட்ரலில் நடந்தபோது, கத்தோலிக்க அமைச்சர்கள் உள்ளே வராமல் வெளியே காரில் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் நாற்பது வருடம் கற்றுக்கொடுத்த ஐரிஷ், அந்தக் குருவானவர் மகனால் காப்பாற்றப்பட்ட ஐரிஷ். அதனால்தான் கோயில் சாவியைக் கேட்டு வாங்கி ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொன்னார். கால்டுவெல்லின் பெயரை அம்மா அப்போது எடுத்தாள். ஆன்ட்ரிமில் பிறந்த ஒருவர் எங்கள் மொழிக் குடும்பத்துக்கு 1856இல் இலக்கணம் எழுதினார், எங்கள் ஊர்க் கோயில் பீடத்துக்கு அடியில்தான் படுத்திருக்கிறார் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தன் சின்ன நோட்டை எடுத்து 'இடையன்குடி' என்று எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார்.

கோயிலுக்குப் பக்கத்தில் அத்தியட்சர் மாளிகை கூரையில்லாமல் நிற்கிறது. 1951இல் அதை ஆங்கிலேயப் பாசிசத் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லி வாங்கிக் குடியிருந்தார், 1954 டிசம்பரில் தீப்பிடித்தது. இருபுறமும் யூ மரங்கள் அடர்ந்த நடைபாதை ஒன்று உண்டு. பத்து நிமிடம் போதும்.

ஷானன் பாலத்தைக் கடந்தால் பானஹர். ஆறு அங்கே அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. குளிர்காலத்தில் கரை மீறி மைல் கணக்கில் புல்வெளியை மூடிவிடுமாம், எங்கள் கடையநல்லூர்க் குளங்கள் ஐப்பசியில் நிரம்பிக் கிடப்பதைப்போல. மத்தியானம் ஒரு சின்னக் கடையில் சூப்பும் சோடா ரொட்டியும். அம்மாவுக்கு ரொட்டி பிடித்தது, சூப்பில் மிளகு போதவில்லை. கையில் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயை வாத்தியாரும் தொட்டுக்கொண்டார், இரண்டாம் தரமும் கேட்டார்.

இங்கே பார்க்க வேண்டியது மேட்டுமேல் இருக்கும் செயின்ட் பால் கோயிலின் கல்லறைத் தோட்டம். 'ஜேன் ஐர்' நாவல் எழுதிய சார்லட் பிராண்ட்டேயின் கணவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் இங்கே கிடக்கிறார். அவரும் ஆன்ட்ரிமில் பிறந்தவர், சிறு வயதில் பானஹரில் மாமா வீட்டுக்கு வந்து வளர்ந்தார். குருவானவராகி இங்கிலாந்துக்குப் போனார். 1854 ஜூனில் கல்யாணம் முடிந்து புது மனைவியை இந்த ஊருக்குத்தான் கூட்டிவந்தார். அடுத்த மார்ச்சில் அவள் இறந்துவிட்டாள். மாமனாரை அவர் சாகும் வரை ஆறு வருடம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டு, 1861இல் பானஹருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு குருவானவர் வேலைக்குப் போகவேயில்லை, விவசாயம் பார்த்தார். மறுமணமும் செய்துகொண்டார். 1906இல் அவர் இறந்தபோது, இரண்டாம் மனைவி அவருடைய பெட்டியைச் சார்லட்டின் படத்துக்குக் கீழே வைத்தாள் என்பார்கள். அம்மா அந்த இரண்டாவது மனைவியின் பெயரைக் கேட்டாள். மேரி அன்னா. "அவதாம்ளா பெரிய மனுஷி" என்றாள்.

கல்லறைச் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் மறக்க முடியாத பேச்சு நடந்தது. 1845இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது குருமார் பலர் சூப் காய்ச்சி ஊற்றினார்கள், காய்ச்சல் தொற்றிச் செத்தவர்களும் உண்டு. ஆனால் சில இடங்களில் சூப்போடு சேர்த்து மதத்தையும் நீட்டினார்கள். 1849இல் தொடங்கிய ஐரிஷ் சர்ச் மிஷன்ஸ் இதே கால்வே மாவட்டத்தின் மேற்கே கன்னமாராவில் அப்படித்தான் வேலை செய்தது என்று இன்றும் கோபத்தோடு பேசுகிறவர்கள் உண்டு. வாங்கிக் குடித்து மாறியவர்களைச் 'சூப்பர்' (சூப்புக்காரர்) என்று ஏசினார்கள், அந்த ஏச்சு பேரன் பேத்தி வரைக்கும் வந்தது. நான் இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நம்ம பூட்டியும் தாது வருஷப் பஞ்சத்துலதாம் வேதத்துல சேந்தா. கஞ்சிக்குச் சேந்தவன்னு ஊர்ல ஏசுனாவ. பெறவு அவ பேத்திதாம் எங்க ஊர்ல மொதப் பொம்பள வாத்திச்சி. இதச் சொல்லு அவருக்கு" என்றாள். எனக்கே இது தெரியாது. நாற்பத்தி மூன்று வயதில், அயர்லாந்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கேட்கிறேன். வாத்தியாரிடம் சொன்னேன். அவர் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பூட்டியின் பெயர் என்ன என்று கேட்டார்.

பெயரை அம்மா சொன்னாள். அது எந்த ஏட்டில் இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு, கோயில் பதிவேட்டில் இருக்கும் என்றாள். பாக்கியசாலிகள் என்றார். அதிலிருந்து அயர்லாந்துப் பதிவேடுகளின் கதை வந்தது. 1871க்கு முந்தைய சர்ச் ஆஃப் அயர்லாந்து ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகள் அரசாங்க ஆவணமென்று ஆயின, பத்திரமான இடம் இல்லாத சேகரங்கள் அவற்றை டப்ளின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பின. 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் அந்தக் காப்பகம் வெடித்து எரிந்தது. கோயில் வெஸ்ட்ரி அறைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டவர்களின் ஏடு தப்பியது, அனுப்பியவர்களின் ஏடு சாம்பல். இந்த நாட்டுக்காரர்கள் தாத்தாவின் தாத்தாவைத் தேடிப் போகும்போது பலருக்கு வழி முட்டி நிற்பது இதனால்தான்.

குளோன்மக்னாய்ஸ் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. கியரன் 6ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மடம், 909இல் கட்டிய கதீட்ரல், அசல் கற்சிலுவைகள் கட்டடத்துக்குள், வெளியே நகல்கள். ஆனால் இந்த வாத்தியாரோடு போனால் வேறொன்று கிடைக்கும். இடிபாடுகளுக்கு நடுவே கூரையோடு நிற்கும் டெம்பிள் கானர் என்ற சின்னக் கோயில். அது இன்றும் சர்ச் ஆஃப் அயர்லாந்தின் ஆராதனைக்குப் பயன்படுகிறது. கூட்டம் சிலுவையைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் எங்களை நேராக அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா பேருந்துச் சுற்றுலாவில் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன். சுவரில் தலை சாய்த்து நின்று கொஞ்ச நேரம் ஜெபித்தாள்.

குறைகளையும் எழுத வேண்டும். வாத்தியார் வேகமாகப் பேசுவார், உச்சரிப்பு அடர்த்தி. ஆறு வருடம் இங்கே வேலை பார்த்த எனக்கே சில இடங்களில் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் தனியாகப் போனால் பாதி போய்விடும், கூட ஒருவர் வேண்டும். குளோன்ஃபர்ட்டில் நாங்கள் இருந்தவரை கழிப்பறை வசதி எதுவும் கண்ணில் படவில்லை, வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கிளம்பும்முன் கவனிக்கவும். காரின் பின்சீட்டு தாழ்வு. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு தடவையும் கை கொடுத்துத் தூக்கினேன். மூன்று இடம் ஒரு நாளுக்கு அதிகம். என்னைக் கேட்டால் குளோன்மக்னாய்ஸை வேறொரு நாளைக்குத் தள்ளிவிட்டு, குளோன்ஃபர்ட்டிலும் பானஹரிலும் மட்டும் நிதானமாக இருக்கலாம். அப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்கிறார், 90 யூரோ. சின்னப் பிள்ளைகளுக்கு இது சரிவராது. உட்கார்ந்து கேட்கிற பொறுமை வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன், தயக்கமில்லாமல். சபைக்காரர்கள், மொழியில் பற்றுள்ளவர்கள், தன் வீட்டுப் பழங்கதையைத் தேடுகிறவர்கள் கட்டாயம் போங்கள். ஆகஸ்டிலும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். புல் ஈரம், செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். காணிக்கைப் பெட்டிக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கு அதுதான் போகிறது.

குளோன்ஃபர்ட் வருகைப் பதிவேட்டில் அம்மா தமிழில் எழுதியிருக்கிறாள். நீங்கள் போனால் ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டுங்கள். ஊர்ப் பெயருக்கு நேரே இடையன்குடி என்று இருக்கும், அதற்குக் கீழே பூட்டியின் பெயர். அம்மா ஊருக்குப் போகும்முன் ஃப்ரெஞ்ச்பார்க்கில் ஹைட் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அடுத்த சனிக்கிழமை ஒன்பதரைக்கு வாத்தியார் வருகிறார். இன்னொரு பாட்டில் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறோம்.